சூல் வீட்டில் ஒரு தோணி

மேற்கே நீலமலைச் சரிவில் ஆனி மழை இறங்கிவிட்டால் பவானி செம்மண் நிறம் கொள்ளும். அணையில் தேங்கும் நீர் பின்னோக்கி ஏறி, மூங்கில்வயலுக்கும் உலகுக்கும் நடுவே கிடக்கும் தாழ்ந்த பாலத்தின் கால்களை நனைக்கும். ஆடியில் பாலம் மறையும். அதன்பின் தை வரை அவ்வூர் ஒரு தீவு. அக்கரையிலுள்ள சிறுமுகைச் சாலையை எட்டப் பரிசலன்றி வேறு துணை இல்லை. இப்போது ஆனி; பாலம் இன்னும் நீருக்கு மேலே நிற்கிறது.

அந்தத் தீவில் வாழை வைத்து வாழும் அங்கப்பனின் குடும்பத்தை வாசகர்கள் அறிவார்கள். இந்த வாரந்தான் முதன்முதலாக வாசற்படி மிதிப்பவர்களுக்குச் சில சொற்கள். அங்கப்பனும் நாச்சியம்மாளும் வீட்டின் மூத்தவர்கள். ஒரே மகன் கதிரேசன். அவன் கைப்பிடித்து ஈரோட்டிலிருந்து வந்தவள் கயல்விழி. வாழைத்தாரை அக்கரை சேர்க்கவும் ஊரார் போய்வரவும் ஓர் இயந்திரப் படகு வாங்கவேண்டும் என்பது கதிரேசனின் நெடுநாள் வேட்கை. ஆற்றில் பாதி எழுந்து நிற்கும் புதுப் பாலம் முடியட்டும், அதுவரை பொறுப்போம் என்பது அங்கப்பனின் வாதம்.

இவற்றோடு இன்னொரு செய்தியும் உண்டு. அதை அறிந்தவர்கள் கயல்விழியும் நாமும் மட்டுமே. மேட்டுப்பாளையத்து மருந்துக் கடையில் வாங்கிவந்த சோதனை அட்டையில் சென்ற வாரம் அவள் இரண்டு கோடுகளைக் கண்டாள். கண்டதை எவரிடமும் சொல்லவில்லை. கணவனிடங்கூடச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதே இன்றைய நாளின் கதை.

*

விடியலில் நீராடி, நெற்றி நிறைய நீறணிந்து, அங்கப்பன் பூசையறையில் பதிகம் பாடிக்கொண்டிருந்தார். பிறவிப் பெருங்கடலில் தத்தளிக்கும் உயிருக்குத் தோணியாய் வந்தருள வேண்டும் என்று இறைவனை அழைக்கும் பாட்டு. குரல் கரகரத்தாலும் பண் பிறழாது.

அடுக்களை வாசலில் நின்ற கதிரேசன் தாயின் காதருகே குனிந்தான்.

"கேக்குதுங்களா அம்மா? சாமியவே தோணின்னு பாடறாரு. நானொரு தோணி வாங்கறேன்னா மட்டும் வேண்டாங்கறாரு."

"சாமித் தோணிக்குப் பெட்ரோல் ஊத்த வேண்டியதில்லையேடா" என்றாள் நாச்சியம்மாள், தோசையைத் திருப்பியபடி.

கயல்விழி சிரித்தாள். சிரிப்பின் நடுவிலேயே வெங்காயம் தாளிக்கும் மணம் அவள் தொண்டையைக் கவ்வியது. சன்னலோரம் போய் நின்று மூச்சை இழுத்துவிட்டாள்.

"ஏன் அம்மணி, மொகம் வெளுத்துக் கெடக்குது?"

"தூக்கமில்லீங்க அத்தை. ராத்திரியெல்லாம் ஒரே காத்து."

சன்னலுக்கு வெளியே, தொழுவத்துக்குச் செல்லும் வழியில், ஆழ்துளைக் கிணறு ஒன்று சிமெண்டுப் பலகையால் மூடப்பட்டுக் கிடந்தது. வற்றிய கிணறன்று. தோண்டிய நாளில் ஆள் உயரத்துக்கு நீர் பீறிட்டது. ஊரே வந்து நின்று வியந்தது.

அது நிகழ்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அன்று கயல்விழியின் வயிற்றில் ஓர் உயிர் குடிவந்திருந்தது. அதை அப்போது அவளே அறியாள். சூல் கொண்டவள் வீட்டில் மனை கோலலாகாது, கிணறு அகழலாகாது, அவள் கணவன் நீர் கடந்து பயணம் போகலாகாது என்பது முன்னோர் வகுத்த முறை. அறியாமல் முறை தவறினார்கள். ஐப்பசியில் அந்த உயிர் போயிற்று.

எவரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கிளம்பிச் சென்ற மறுநாள் அங்கப்பன் ஆளை அழைத்து, பொங்கிய கிணற்றின் வாயை அடைத்தார். அவ்வளவுதான். அன்றுமுதல் தொழுவத்துக்குப் போகும்போதெல்லாம் கயல்விழி அந்தப் பலகையைக் கடந்துதான் போகிறாள். தன் வயிற்றைப் பற்றி எழுதிய தீர்ப்பாகவே அதைப் படிக்கிறாள்.

*

உணவுக்கு அமர்ந்ததும் அங்கப்பனே பேச்சைத் தொடங்கினார்.

"கதிரு, இன்னிக்கு ஆரோ வாராங்கன்னியே?"

"ஆல்வினுங்கப்பா. மேட்டுப்பாளையத்துல இன்ஜின் பாக்கறவரு. படக மினி லாரியில ஏத்திட்டு வாராரு. ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்கன்னாரு. ஆனா இன்னிக்கே சொல்லிப்போடோணும். அணைப் பக்கம் மீன் புடிக்கறவங்க கேட்டுட்டு இருக்கறாங்களாமா."

"கேக்கறவங்களுக்குக் குடுக்கச் சொல்லு. தை பொறந்தா வழி பொறக்கும். பாலம் வந்த பொறகு படக வெச்சுட்டு என்ன பண்ணுவே? கட்டுத்தரையில மாடாட்டக் கட்டிச் சோளத் தட்டுப் போடுவியா?"

"அந்தத் தூணு போன தையிலயும் நின்னுட்டுத்தானுங்க இருந்துச்சு. அதுக்கு முந்துன தையிலயும் நின்னுச்சு. இதுவரைக்கும் கொக்கு உக்காரத்தானுங்க ஆச்சு."

நாச்சியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அங்கப்பனின் மீசைக்கடியிலும் ஒரு நெளிவு தோன்றி மறைந்தது.

"செரி, வரட்டும். ஓட்டித்தான் பாப்போம்" என்றார். "ஆனா மொதல்ல தேங்காயச் சுத்தி ஒடச்சுப்போட்டுத்தான் ஏறோணும். வண்டிக்கு உண்டானது படகுக்கும் உண்டு."

தந்தையின் வாயிலிருந்து இத்தனை ஆண்டுகளில் முதன்முதலாக வந்த பாதிச் சம்மதம் அது. கதிரேசன் மனைவியை நோக்கிக் கண்ணைச் சிமிட்டினான். குழந்தைமை மாறாத அந்த முகத்தைக் காணக் காணக் கயல்விழிக்கு நெஞ்சு கனத்தது.

இப்போது அவள் வாய் திறந்தால் அந்தப் பாதிச் சம்மதமும் போகும். சூல் வீட்டில் புதுக் காரியம் கூடாது, படகு வேண்டாம், தை கழியட்டும் என்பார்கள். சொல்லாதிருந்தால் படகு வரும். ஐப்பசி அடைமழையில் ஊரைச் சுற்றி நீர் நிறைந்து கிடக்கையில், அவளுக்கு ஒன்றென்றால் அக்கரை சேர ஒரு வழி இருக்கும். ஆனால் அப்போது ஏதேனும் தீங்கு நேர்ந்தால்? அறிந்தே மறைத்தவள் என்ற பழி அவள் ஒருத்தியின் தலையில் விழும். சென்ற முறைக்கு அறியாமை என்ற நிழலாவது இருந்தது. இம்முறை அதுவும் இல்லை.

தாய் வீட்டுக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்குத் தாய் இல்லை. ஈரோட்டில் ஜவுளிக் கடை வேலை முடித்து வந்து, தனக்குத் தானே சோறாக்கி உண்ணும் தந்தை ஒருவரே இருக்கிறார்.

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இன்று ஒரு பொழுது வாய் மூடியிருந்தால் போதும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

*

நடுப்பகல் சாய்ந்தபின் ஆல்வின் வந்தான். முப்பது வயதிருக்கும், கையெல்லாம் எண்ணெய்க் கறை, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி.

"ஏனுங்ணா, உங்க ஊரு நாய்க படகப் பாத்ததில்லீங்களா? பாலத்து மேல படகு போகுதுன்னு லாரிய உட்டுப்போட்டுப் படகத் தொரத்துதுங்ணா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான்.

வெள்ளைப் பைபர் படகு. விளிம்பில் நீலக் கோடு. பின்னால் தலை கவிழ்ந்த யானைக்கன்று போல இன்ஜின். ஆல்வினும் அங்கப்பனும் கதிரேசனும் சேர்ந்து தள்ளக் கரைச்சேற்றில் வழுக்கி நீரில் இறங்கியது. இறங்கியதும் அதற்கு உயிர் வந்ததுபோல் ஒரு சிலிர்ப்பு. கயிற்றைப் பற்றிக்கொண்ட கதிரேசனின் கையும் சேர்ந்து சிலிர்த்தது.

"அட, மாடு மாதிரி இழுக்குதுங்கம்மா!"

"மாடா இருந்தா சாணியாச்சும் போடும்" என்றாள் நாச்சியம்மாள். ஆனாலும் அருகே போய்ப் படகின் முகத்தில் மஞ்சளும் குங்குமமும் இட்டு, அரளிச் சரத்தைச் சூட்டினாள். அழகு பார்க்க இரண்டடி பின்வாங்கியும் நின்றாள்.

அங்கப்பன் தேங்காயின் மேல் கர்ப்பூரம் ஏற்றினார். கண்மூடி முணுமுணுத்தபடி படகை நோக்கி மும்முறை சுற்றினார். பின்பு தேங்காயைத் தலைக்குமேல் உயர்த்தினார். ஊர்க் கோயிலில் நோம்பிதோறும் தேங்காய் உடைப்பவர் அவர். உடைக்குமுன் கூட்டத்தை நோக்கிச் சொல்லும் ஒரு வாசகம் உண்டு. கருவுற்றவர்கள் காணத் தேங்காய் உடைக்கலாகாது. அன்று கரையில் கூட்டமில்லை. அவருடைய வீட்டாரும் ஆல்வினுமே நின்றனர். இருந்தும் பழகிய நாவு தன் கடமையைச் செய்தது.

"வயித்துப் புள்ளக்காரங்க ஆராச்சும் இருந்தாத் தள்ளி நில்லுங்க!"

கயல்விழியின் கால்கள் ஓரடி பின்னே வைத்தன.

அவள் எண்ணி வைத்த அடியன்று அது. எத்தனை தலைமுறைத் தாய்மாரின் அச்சம் அந்தக் காலில் குடியிருந்ததோ, அவளைக் கேளாமலே அது நகர்ந்தது. நகர்ந்தபின்தான் அவளுக்கே தெரிந்தது. தெரிந்தபோது வீட்டார் மூன்று பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காற்றில் கர்ப்பூரம் படபடத்தது. உயர்ந்த கை உயர்ந்தபடியே நின்றது. சூடு விரலைத் தொட்ட பின்னரே அங்கப்பன் தேங்காயைத் தாழ்த்தி, உடைக்காமல் மணலில் வைத்தார்.

"என்னாச்சுங்ணா, தேங்கா அழுகலுங்களா?" என்றான் ஆல்வின்.

நாச்சியம்மாள் மெல்ல மருமகளிடம் வந்தாள்.

"கண்ணு... நெசமா?"

கயல்விழி தலையசைத்தாள். நாச்சியம்மாளின் கைகள் அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்தன. அதே கைகள் உடனே அவள் முந்தானையை இழுத்து வயிற்றை மறைத்தன. மகிழ்ச்சியும் அச்சமும் ஒன்றன் தோளில் ஒன்று ஏறிவந்த கணம் அது.

கதிரேசனின் கையிலிருந்த கயிறு நழுவி நீரில் விழுந்தது. ஆல்வின் பாய்ந்து பிடித்துக்கொண்டான்.

*

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் அங்கப்பன். குரல் தணிந்திருந்தது. "படகு இப்ப வேண்டாமுங்க. அவ்வளவு தூரம் கொண்டாந்தீங்க. வண்டிச் செலவ நாங்க குடுத்தர்றோம். தை கழியட்டும்."

"ஏனுங்க? நல்ல சேதிதானுங்களே?"

நாச்சியம்மாள்தான் விளக்கினாள். "வயித்துப் புள்ளக்காரி ஊட்டுல புதுசா எதையும் தொடங்க மாட்டோமுங்க தம்பி. ஊடு கட்ட மாட்டோம், கெணறு வெட்ட மாட்டோம். ஊட்டுக்காரன் தண்ணி தாண்டிப் போகக் கூடாதும்பாங்க."

ஆல்வின் நாற்புறமும் திரும்பிப் பார்த்தான். "தண்ணி தாண்டாம இந்த ஊருல எப்புடிங்க இருக்கறது?"

"ஒருக்கா மீறிப் பாத்துட்டமுங்க" என்றார் அங்கப்பன். "அனுபவிச்சாச்சு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் கயல்விழிக்குள் இரண்டு ஆண்டுகளாக அடைபட்டிருந்தது அசைந்தது.

"மாமா, ஒண்ணு சொல்லலாமுங்களா?"

"சொல்லு கண்ணு."

"அந்தக் கெணத்த மூடுனீங்களே. அதத் தாண்டிப் போறப்பெல்லாம் என்ற மேல பலகைய வெச்சு மூடுன மாதிரி இருக்குதுங்க."

அங்கப்பன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "உன்ற மேலயா?"

"இவ வயிறு ஆகாத வயிறுன்னு வாயில சொல்லாமச் சொன்னீங்கன்னு நெனச்சுட்டு இருக்கறனுங்க."

"அட சாமி!" மணலில் சட்டென்று அமர்ந்துவிட்டார் அவர். "என்ற தப்புன்னு மூடுனது கண்ணு அது. நாந்தானே போர் வண்டியக் கூட்டியாந்தேன். அந்தத் தண்ணியப் பாச்சி அதுல வெளைஞ்சதத் திங்க எனக்கு மனசு வல்லே. உன்னைய நெனச்சு மூடலே. சத்தியமா இல்லே."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க மாமா."

"சொன்னா உனக்கு அந்த நெனப்பு வருமேன்னுதான் சொல்லலே."

வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ சேர்த்துப் பேசும் மண் இது. பிறர் மனம் புண்படலாகாது என்று சொல்லாமல் விட்ட சொல்லே புண்ணாகிச் சீழ்பிடித்த வீடுகள் இங்கே எத்தனையோ. ஒரே கூரையின் கீழ், ஒரே கிணற்றைக் கண்டு, ஒருவர் தம்மை நொந்துகொள்ள மற்றவர் தம்மைச் சபித்தார்கள் என்று எண்ணியிருந்த கொடுமையை என்னென்பது!

கயல்விழி மாமனாரின் எதிரே மண்டியிட்டாள். இனி மரியாதைக்காக விழுங்குவதில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

"கெணறு வெட்டுனதால போகலீங்க மாமா. ஐப்பசியில வலி கண்ட அன்னிக்கு மத்தியானம் இந்தக் கரையிலதான உக்காந்திருந்தோம்? நீங்களும் அத்தையும் சாக்க விரிச்சுத் தலைக்கு மேல புடிச்சிருந்தீங்க. காத்துக்குப் பரிசல் எறங்கலே. இப்ப நிக்கும், இப்ப நிக்கும்னு பொழுது சாயற வரைக்கும் இருந்தோம். டாக்டரம்மா ஒண்ணு கேட்டாங்க. உங்க ஆருகிட்டயும் நான் சொல்லலே. இன்னுங் கொஞ்சம் முன்னாடி வரக் கூடாதாம்மான்னு கேட்டாங்க." அவள் குரல் உடைந்து, மீண்டும் கூடியது. "காத்திருந்ததாலதானுங்க போச்சு. மறுக்காவும் காத்திருன்னு சொல்றீங்களா?"



"மேட்டுப்பாளையத்துல ஒரு ஊடு புடிச்சு உன்னைய வெச்சுருவோம் கண்ணு. அத்தை தொணைக்கு இருப்பா" என்றார் அங்கப்பன் தயங்கி.

"நான் போயிருவனுங்க. இந்த ஊருல நானொருத்திதான் புள்ளப் பெக்கறனுங்களா?"

அங்கப்பன் ஆல்வினை நோக்கித் திரும்பினார்.

"காத்தடிச்சா இது போகுங்களா தம்பி?"

"பொய் சொல்ல மாட்டனுங்ணா. மரத்தச் சாய்க்கற காத்துன்னா எதுவும் போகாது; என்னையக் கூப்புட்டாலும் நான் வர மாட்டேன். ஆனா பரிசல் நின்னுபோற காத்துல இது போகும். கரைக்குக் கரை ஒரு வெத்தல மெல்லற நேரம்."

அங்கப்பன் கண்களை மூடிக்கொண்டார். கரையேற்றும் தோணியாக வா என்று விடியல்தோறும் அழைத்தவர் அவர். அழைத்த பொருள் மரமாகவோ பைபராகவோ தம் வாசல் தேடி வந்து நிற்கையில், நாள் நன்றா என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதா? ஆனால் முறை என்பது ஒருவர் கட்டியதன்று. அதை ஒரு பிற்பகலில் அவிழ்த்தெறியவும் அவருக்குக் கை வரவில்லை.

"கதிரு வாங்கக் கூடாது" என்றார் கடைசியில். "ஊட்டுக்காரன் செய்யக் கூடாதுங்கறது கூடாதுதான். அத நான் மீற மாட்டேன்."

"ஏனுங்க, எனக்கொரு சந்தேகம்" என்றாள் நாச்சியம்மாள். அவள் சந்தேகம் கேட்டால் விடையைக் கையில் வைத்திருக்கிறாள் என்பது அந்த வீட்டில் அனைவருக்கும் தெரியும். "ஊட்டுக்காரன் செய்யக் கூடாதுன்னுதானுங்க பெரியவங்க சொன்னாங்க? வயித்துப் புள்ளக்காரி செய்யக் கூடாதுன்னு ஆராச்சும் சொன்னாங்களா?"

அங்கப்பன் வாயைத் திறந்தார். மூடினார். நெடுநேரம் நினைவைத் துழாவினார்.

"இல்லே" என்றார் மெதுவாக. "அவ ஆசப்பட்டுக் கேட்டதத் தட்டாமக் குடுக்கோணும்னுதான் சொல்லியிருக்கறாங்க."

"அப்பறமென்னங்க? கதிரு வயித்துல இருக்கறப்ப உங்கம்மா என்னைய என்ன வேணும்னு கேட்டாங்க. ஊட்டி வர்க்கி வேணும்னேன். நீங்க பஸ்ஸேறிப் போய் வாங்கியாந்தீங்க. ஆளுக்காளு புளி கேப்பாங்க, மாங்கா கேப்பாங்க. என்ற மருமக படகு கேக்கறா. மசக்கை ஆருக்கு எது மேல வரும்னு ஆரு கண்டா?"

முதலில் சிரித்தவன் ஆல்வின். பிறகு அங்கப்பன் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு நின்ற பின்னும் நீர் நிற்கவில்லை. மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தபடி எழுந்தார்.

"கயல்விழிங்கற பேருக்கே எழுதிக்குங்க தம்பி. தேங்கா ஒடைக்க வேண்டாம். பூ வெச்சது போதும்."

கதிரேசன் அனிச்சையாகப் படகை நோக்கி ஓரடி வைத்தான்.

"கதிரு, நீ மட்டும் கை வெக்காதே" என்றார் தந்தை. கடுமையில்லை, பரிவோடுதான் சொன்னார். "புள்ள கைக்கு வர்ற வரைக்கும் நீ இத ஓட்ட வேண்டாம், தண்ணியும் தாண்ட வேண்டாம். ஓட்டறதுக்கு ஆல்வின் ஒரு ஆளு போட்டுக் குடுப்பாரு. என்ன, செரியா?"

"செரிங்கப்பா."

தேங்காய் மணலுக்கு வந்ததிலிருந்து அவன் பேசிய முதற்சொல் அதுதான். அதை எவரும் கவனிக்கவில்லை.

*

"ஓனரம்மா ஏறுனாத்தானுங்க படகு எடுப்பேன்" என்று ஆல்வின் கை நீட்டினான்.

"நானும் வாரேன்" என்று நாச்சியம்மாள் சேலையைச் செருகிக்கொண்டாள். நீரென்றால் நடுங்குபவள். இரு கையாலும் படகின் விளிம்பைப் பற்றி, "முருகா, முருகா" என்று முனகியபடி ஏறி, மருமகளின் தோளைச் சுற்றி ஒரு கையை வேலியாக்கி அமர்ந்தாள். "பையப் போங்க தம்பி. பேச்சுக்கு ரண்டு பேரு. கணக்குக்கு மூணு பேரு."

இன்ஜின் ஒருமுறை செருமி, பிறகு உறுமியது. கரை மெல்ல விலகிற்று. எதிரே அகன்று கிடந்த செந்நீர்ப் பரப்பில் கார்மேகத்தின் நிழல் ஊர்ந்தது. சூல் கொண்ட மேகம், சூல் கொண்ட ஆறு, சூல் கொண்ட பெண் என மூவரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டதுபோல ஒரு குளிர்காற்று வீசியது. கயல்விழி வயிற்றில் கை வைத்தாள். அஞ்சாமல் வைத்தாள்.

கரையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கப்பன் துண்டை உயர்த்தி வீசிக்கொண்டிருந்தார். அவர் அருகே கதிரேசன் இல்லை.

கண்கள் தேடின. பாலத்தின் மேல் அவன் நடந்துகொண்டிருந்தான். தந்தை சொன்ன சொல் காய்வதற்குள் நீரைத் தாண்டி அக்கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏனுங்க!" என்று கூவினாள். இன்ஜின் ஓசை அதை விழுங்கிவிட்டது.

நாச்சியம்மாளும் பார்த்தாள்.

"அவங்கிட்ட எப்பக் கண்ணு சொன்னே?"

"சொல்லலீங்க அத்தை."

"ஒருக்காக்கூடவா?"

"சொன்னா அவருக்குப் படகு இல்லாமப் போயிருமேன்னு..." பாதியில் நின்றாள். சொல்லும்போதே அந்தச் சொல்லின் பொருள் அவளுக்கு விளங்கியது. புண்படலாகாது என்று இவளும் ஒரு கிணற்றை மூடித்தான் வைத்திருந்தாள்.

"போன தடவ அவனும் அந்தக் கரையில உக்காந்திருந்தான் கண்ணு" என்றாள் நாச்சியம்மாள். "எல்லாரும் உன்ற துக்கத்தக் கேட்டோம். அவன் துக்கத்த ஆரும் கேக்கலே. இன்னிக்கும் கேக்கலே."

ஆல்வின் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "காத்து கூடுது. கரைக்குத் திருப்பட்டுங்களாக்கா?"

கயல்விழி பாலத்தைப் பார்த்தாள். பாதி கடந்துவிட்டான். அக்கரையில், சிறுமுகைச் சாலையின் திருப்பத்தில், பேருந்து ஒன்று வந்து நிற்பது சிறு புள்ளியாகத் தெரிந்தது.

"திருப்ப வேண்டாமுங்க" என்றாள். "அக்கரைக்கு உடுங்க. அவரு போய்ச் சேர்றதுக்குள்ள நாம போயிரோணும்."

படகு முகம் திரும்பியது. பாலத்தின் மேல் கதிரேசன் அந்த ஓசையைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு கணம் நின்றான். பிறகு, முன்னைவிட விரைவாக நடக்கத் தொடங்கினான்.